நான் மேற்கே திருப்பினேன்

மாப்ளே,

நேற்று காலையில் சாத்தூர் ஷெட்டில் நம் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது. மெக்கானிக் அடியில் படுத்துக்கொண்டு எதையோ நெம்பினார். பொத்தென்று ஒரு மண்கட்டி விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, கல்லாய் இறுகிப்போயிருந்தது.

"எந்தக் காட்டுக்குள்ள விட்டீக அண்ணாச்சி? வருசக்கணக்கா உள்ளயே ஒட்டிக் கெடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திருப்பினார். மண் நனைந்ததும் வாசனை எழும்பியது. நனைந்த கரிசலின் வாசனை நம் பக்கத்தில் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஷெட்டை விட்டு வெளியே வந்து வேலியோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன்னிடம் மனசுக்குள்கூடப் பேசாமல் இத்தனை நாளும் ஒதுங்கியே இருந்தேன். பேசினால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் உன் கடைக்குப் போய் ஜைனப்பிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அங்கே நடந்ததை உனக்கு எழுதுவதற்கு முன்னால், உனக்குத் தெரிந்ததையும் வரிசையாக எழுதியாக வேண்டும். அப்போதுதான் என்னால் கடைசி வரைக்கும் போக முடியும்.

அந்த வண்டியை நீ எடுத்து வந்த அன்றைக்கு உன் கடை வாசலில் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டையும் காகிதமும் சணலும் கொடுக்கிற கடை. எதிர்க்கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அட்டைப்பெட்டிக் கடைக்காரன் அட்டைப்பெட்டியவே வாங்கிட்டு வந்துட்டான்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய். "அழகப் பாத்தா பொண்ணு கட்டிக்குடுக்கப் போறீக? ஓடுறதப் பாருங்க" என்றாய்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து நமக்குப் பழக்கம். நான் அச்சங்குளத்துக்காரன், என் அப்பாவும் அம்மாவும் காட்டுவேலைக்குப் போனவர்கள், பிறகு பட்டாசுக்குப் போனார்கள். கம்பெனி லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த என்னை, "அத விட்டுட்டு இங்கன வாலே" என்று நீதான் கூப்பிட்டாய். வண்டியைச் செய்த ஜப்பான் கம்பெனியின் சரித்திரம் முழுவதும் தெரிந்த உனக்கு, கிளட்ச் மட்டும் கடைசி வரை வசப்படவில்லை. நீ எப்போதும் எனக்கு இடதுபக்கம், முன் சீட்டில். கடை வேலை இல்லாத நாட்களில் நான் வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்பது நம் ஏற்பாடு.

எத்தனை கதை சொல்வாய். வெம்பக்கோட்டை அணைப் பக்கம் போயிருந்தபோது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என் மாரியம்மாவும் உன் ஜைனப்பும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள். கார் செய்வதற்கு முன்னால் அந்த ஜப்பான் கம்பெனிக் குடும்பம் தறி செய்துகொண்டிருந்தது என்றாய். ஒரு இழை அறுந்தாலும் அந்தத் தறி தானாக நின்றுவிடுமாம். அமெரிக்காவுக்கு முதலில் அனுப்பிய கார் மேடு ஏற முடியாமல் மூச்சு வாங்க, வெட்கப்பட்டு விற்பனையை நிறுத்திவிட்டு, திரும்பப் போய் வேறு காரைச் செய்துகொண்டு வந்தார்களாம்.

"அவுக பாக்டரில லைன்ல நிக்கிற எவன் வேணும்னாலும் ஒரு கயித்த இழுக்கலாம்லே. ஏதோ தப்பா இருக்குன்னு தோணிச்சுன்னா போதும். முழு லைனும் நின்னுரும்."

மாரியம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தாள். "எங்க பட்டாசுக் கம்பெனில மருந்து சூடா இருக்குன்னு வாயத் தொறந்தாலே, நாளைக்கு வேலைக்கு வராதேன்னுருவாக அண்ணே. அங்கன ஒரு கயிறு கட்டச் சொல்லுங்க."

நீ சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அதற்கு முந்தைய வாரம்தான் மதுரையில் சொல்லியிருந்தார்கள். அந்த நான்கு பேரில் உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் அது தெரியாது.

பிறகு வாரம் இரண்டு நாள் மதுரை என்றாயிற்று. செவ்வாய், வெள்ளி. காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு முன்பே ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் மிஷினில் நாலு மணி நேரம் படுத்து எழுந்து, முகம் வெளுத்து வருவாய். திரும்பும்போது சீட்டைச் சாய்த்துக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிவிடுவாய். "என் கிட்னிய விட இது நல்லா வேல பாக்குதுலே." ஒரு நாள்கூட வண்டி வழியில் நின்றதில்லை. ஆக்சில் எண்ணெயைக்கூட நீ கேட்டு நினைவுபடுத்துகிற நாளில்தான் மாற்றுவேன். அந்த வண்டி மேல் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. உண்மையில் அது என் கை மேலே எனக்கு வந்த திமிர். அதை வண்டியின் பேரில் எழுதி வைத்திருந்தேன்.

அந்த வருஷம்தான் கார்க் கம்பெனி இந்த மாடலை நிறுத்தியது. இன்னும் வாங்க ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். ஊரில் அந்த வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் சாவு விழுந்த மாதிரி பேசிக்கொண்டார்கள். "நல்லா ஓடுறத எவன்லே நிறுத்துவான்?" என்று நான் கத்தினேன். நீ பத்திரிகையை மடித்து வைத்தாய்.

"பார்ட்ஸ் பல வருசத்துக்குக் கெடைக்குமாம்லே. எனக்கு அம்புட்டுப் போதும்."

நோன்பும் தீபாவளி சீசனும் ஒன்றாக வந்த ஐப்பசி. முந்தைய நாள் முழுக்க மழை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மிஷின் கோளாறு என்று உன்னைப் பாதியில் இறக்கிவிட்டிருந்தார்கள். அதனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே உன் கால் இரண்டும் வீங்கியிருந்தது. படியிறங்கும்போதே மூச்சு இரைத்தது. அன்றைக்குக் கிளம்பவே எட்டரை ஆகிவிட்டது. ஜைனப்புக்கும் வர ஆசைதான். கடைக்கு லோடு வருகிற நாள், நீதான் வேண்டாம் என்றுவிட்டாய்.

விருதுநகருக்குப் பாதி வழியில் மறியல். விடியற்காலையில் ரோட்டைக் கடந்த ஒருவரை லாரி அடித்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் முப்பது நாற்பது வண்டிகள். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கலெக்டர் வரணும் என்கிறார்கள் என்றேன்.

"கலஞ்சிரும்லே. போலீஸ் வந்துருச்சுல்ல. ஒரு மணி நேரம் பாப்போம்" என்றாய்.

"ஒரு மணி நேரமா? உன் மொகரையப் பாத்தியா? மேற்கால ஒரு வண்டிப்பாதை போகுது. சிவகாசி ரோட்டப் பிடிச்சிரலாம். அங்கனருந்து விருதுநகர் எம்புட்டுத் தூரம்?"

"நேத்துப் பூராம் மழைலே."

"இந்த வண்டிக்கு மழையா?"

நான் மேற்கே திருப்பினேன். முதல் ஒரு மைலுக்குச் சரளை இருந்தது. பிறகு வெறும் கரிசல். டயர் கனத்துக்கொண்டே வருவது ஸ்டியரிங்கில் தெரிந்தது. "நில்லுலே. இங்கனயே திருப்பிரு" என்றாய். நான் செகண்டுக்கு மாற்றினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் என் பேரைச் சொல்லி, "கருப்பு, நில்லு" என்றாய். அந்த இடத்தில் நின்றிருந்தால் திரும்பியிருக்கலாம். எதிரே ஓடை மேடு தெரிந்தது. அதைத் தாண்டினால் தார் ரோடு என்று எனக்குத் தோன்றியது. மிதித்தேன்.

பின்சக்கரம் இரண்டும் சுழன்று சுழன்று அச்சு வரை இறங்கிவிட்டது. இன்ஜின் மட்டும் சலிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். கால் மிதியை உருவிப் போட்டேன். என் சட்டையையும் போட்டேன். நீ கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கப்போட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாய். படுத்தால் மூச்சு வராது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். தூரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் தகரப் பலகை தெரிந்தது.

"ஓடிப் போயி ஆளக் கூட்டிட்டு வாலே. நான் இருக்கேன்" என்றாய்.

செருப்பு சேற்றில் போய்விட்டது. வெறுங்காலோடு ஓடினேன். வெளிவாசலில் காவலுக்கு நின்றவர் உள்ளே விட மறுத்தார்; சீசன் நேரம், போர்மேன் சொல்லாமல் யாரையும் வெளியே அனுப்ப முடியாது என்றார். அவர் காலில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன் மாப்ளே. அதற்குள் உள்ளே இருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டு, "ஒரு உசிரு கெடக்குங்கான், நீரு என்னய்யா ரூலு பேசிக்கிட்டு இருக்கீரு" என்று வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். அவரைப் பார்த்து எட்டு ஒன்பது பேர் வந்தார்கள். மருந்து வேலை செய்கிற கைகள்; முழங்கை வரை வெள்ளிப் பவுடர். அவர்கள் தள்ளினார்கள், விழுந்தார்கள், மறுபடி தள்ளினார்கள். கடைசியில் ஒரு டிராக்டரைக் கூட்டி வந்து சங்கிலி கட்டித்தான் இழுக்க முடிந்தது.

நாம் சேற்றில் கிடந்தது நாலரை மணி நேரம்.

மதுரையை அடைந்தபோது மூன்று மணி. நேராக ஆக்ஸிஜன் வைத்தார்கள், சாயங்காலமே மிஷினில் ஏற்றினார்கள். முகமூடிக்குள்ளிருந்து நீ என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்து, முடியாமல், கையை லேசாக அசைத்தாய். ஜைனப் பஸ் பிடித்து நோன்போடு வந்து சேர்ந்தாள். "ஏண்ணே இம்புட்டு நேரம்?" என்று கேட்டாள். "மறியல்மா. சுத்தி வந்தோம். மாட்டிக்கிட்டோம்" என்றேன். யார் சுத்தி வரச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் உன் இதயம் நின்றுவிட்டது.

மறியல் எப்போது கலைந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் டீக்கடையில் ஒரு கண்டக்டர் தானாகச் சொன்னார். "முக்கா மணி நேரத்துல தாசில்தார் வந்து பேசி எந்திரிக்க வச்சுட்டாருல்ல. பதினொண்ணுக்கெல்லாம் நான் மதுரை போயிட்டேன்."

டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஜைனப் வண்டியை என் பேருக்கே மாற்றிக் கொடுத்தாள். "அவுக உசிரக் காப்பாத்த நீங்க சேத்துல உருண்டீகளாம்ல. உங்கள்ட்டயே இருக்கட்டும்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் கூப்பிட்டுச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். இலைக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் உன்னைத் திட்டுவாள். "கிறுக்கு மனுசன். இந்த வண்டி எதுலயும் ஏறும்னு நெனப்பு. அந்தக் கிறுக்குதான் அவுகளக் கொண்டு போயிருச்சு." நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கவளத்தைப் பிசைவேன். அவள் தானாக அப்படி நினைத்துக்கொண்டாள் என்று இருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நேற்று சாயங்காலம் போனபோது அவள் கடையில் சணல் உருண்டையை எடை போட்டுக்கொண்டிருந்தாள். கடைப்பையன்கள் போன பிறகு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ காத்திருக்கலாம் என்று சொன்னது. மேற்கே திருப்பியது நான். நில்லு என்று இரண்டு தடவை சொன்னது. முக்கால் மணி நேரத்தில் மறியல் கலைந்தது.

அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக அன்னைக்குப் போன் பண்ணாகண்ணே" என்றாள். "நீங்க கம்பெனிக்கு ஓடிட்டீக போல. 'சேத்துல மாட்டிக்கிட்டோம், நாந்தான் இந்தப் பாதையில விடச் சொன்னேன், கருப்பு வேணாம்னுதான் சொன்னான், அவன ஒண்ணும் கேட்டுறாத'ன்னாக."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வந்த கோவத்துல, 'அந்தத் தகர டப்பாவையே கட்டிக்கிட்டு அழுங்க, வீட்டுக்கு வராதீக'ன்னு சொல்லிட்டுப் போன வச்சுட்டேன். அப்புறம் மூஞ்சில மூடிய மாட்டிட்டாக. பேச முடியல. அவுக எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு அதுதாண்ணே. நான் சொன்னதும் அதுதான்."

நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"நாலு வருசம் உங்க முன்னாடிதான அவுகளத் திட்டுனேன். ஒரு தடவையாச்சும், வேணாம்மான்னு சொல்லியிருக்கலாமேண்ணே."

சாவியை மேஜை மேல் வைத்தேன். அவள் அதை என் பக்கம் தள்ளினாள். "நீங்க போயிட்டு வாங்க. இன்னைக்கு என்னால முடியாது" என்றாள்.

இனி அவள் உன்னைத் திட்ட மாட்டாள். நீ எனக்காக உன் தலையில் போட்டுக்கொண்டதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். மிகவும் தாமதமாக, ஆனாலும் எடுத்துக்கொண்டேன். ஆனால் 'வீட்டுக்கு வராதீக' என்று அவள் சொன்னது உன் காதில் விழுந்ததே, அந்த வெள்ளிக்கிழமை, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சுக்குத் தவித்தபடி தனியாக நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாயே, அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அப்போது நான் கம்பெனி வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் மாப்ளே. திரும்பி வந்து, போன் பண்ணியா என்று கேட்டேன். டவர் இல்லைலே என்று சிரித்தாய்.