நனையாமல் வந்த கயிறு

இன்று காலை நம் அளவுக் கயிறு என் வீட்டுக் கிணற்றிலிருந்து நனையாமல் மேலே வந்தது. நுனியில் கட்டிய கல்லைத் தடவிப் பார்த்தேன், காய்ந்த மண். ஈர நாரின் வாசனை கையில் ஒட்டாத முதல் நாள் இது. திருப்பதியில் என் வீட்டைச் சுற்றி எழும்பிய லாட்ஜ் ஒவ்வொன்றிலும் ஆழ்துளை போர் இறங்கியிருக்கிறது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

பாலசமுத்திரம் கிராமத்தில் உன் அரை ஏக்கரில் இருந்த கிணற்றில்தான் இந்தக் கயிறு முதலில் இறங்கியது. உன் குடும்பத்தில் சொந்த நிலம் கண்ட முதல் ஆள் நீ. மழையும் நிலத்தடி நீரும் எப்படி மாறுகின்றன என்று ஊராரே அளந்து எழுத, ஒரு சிறிய தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. நீ அளப்பாய்; மாதம் ஒருமுறை நான் பஸ்ஸில் வந்து நோட்டைச் சரிபார்ப்பேன். ஆள் உயரம் ஒரு மட்டு என்று வைத்து, மட்டுக்கு ஒரு துணி கயிற்றில் முடிந்திருந்தாய். கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு எண் கோட்டைத் தாண்டி நின்றாலே பொறுக்காது.

ஊரில் அப்போது ஓர் ஒப்பந்தம் இருந்தது. போன சங்கராந்தியைவிடத் தண்ணீர் ஒரு மட்டு இறங்கியிருந்தால் யாரும் புது போர் போடக்கூடாது. கரும்பை விட்டு வேர்க்கடலைக்கு மாறவேண்டும். உன் நோட்டில் இரண்டு மட்டு இறங்கியிருந்தது. மழை முடிந்த கையோடு அப்படி இறங்காது என்று எனக்கு நிச்சயம். மோட்டார் ஓடிய பிறகு அளந்திருக்கிறாய் என்று கடிந்தேன்.

"மோட்டாரு போட்றதுக்கு மின்னாடிதாம்மா அளந்தேன். நான் வேணா தப்பு பண்ணுவேன். கெணறு எதுக்கும்மா தப்பா காட்டப்போவுது?"

கடைசி மூன்று அளவுகளைச் சிவப்பு மசியால் அடித்துவிட்டு, முந்தைய மாதங்களின் போக்கை வைத்து நானே எண்களைப் போட்டேன். கிணறு நாலு எட்டு நடையில் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் கூடியபோது, அரை மட்டுதான் இறக்கம் என்று வாசித்தேன். ஒரு விவசாயி உன் பக்கம் திரும்பி, "அளந்தவ நீதான, நீ சொல்லு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். "அம்மா எழுதனதுதான்" என்றாய்.

பஸ்ஸுக்கு நடக்கையில்தான் வாய் திறந்தாய். "உங்க நோட்டுல தண்ணி நல்லா ஊறுதும்மா. அதுலயே ஒரு மோட்டாரு வெச்சிக்கலாம்." நீ சிரித்தாய். நான் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அந்தக் கோடையிலேயே போர் வண்டிகள் வந்தன. அடுத்த கோடையில் உன் கிணற்றின் அடி தெரிந்தது. சில வருஷம் கூலிக்குப் போய்ப் பார்த்தாய். பிறகு ஸ்ரீ சிட்டி தொழிற்சாலை ஒன்றில் மகனுக்கு வேலை கிடைக்க, நீயும் கூடவே போனாய். அங்கே லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாய். உன் அரை ஏக்கரில் இன்று சீமைக்கருவேலம்.

நீ இறந்துபோன செய்தியோடு உன் மருமகள் இந்தக் கயிற்றைக் கொண்டுவந்தாள். "அம்மாகிட்ட குடுத்துடுன்னு அத்த சொல்லிகினே இருந்தாங்க." ஏன் என்று நீ சொல்லவில்லையாம்.

அன்றிலிருந்து தெருவில் மோட்டார்கள் ஓடுமுன் தினமும் அளக்கிறேன், உன் மட்டிலேயே. கயிற்றை இரண்டு முறை நீட்டியாயிற்று. நேற்றுப் பக்கத்து லாட்ஜ்காரர் வந்தார். இன்னொரு போர் போட வேண்டுமாம். அதற்கு அனுமதி வாங்க, என் கிணற்றில் தண்ணீர் குறையவில்லை என்று நான் ஒரு கடிதம் தரவேண்டுமாம்.

"நீங்க எழுதுனா யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க பெரியம்மா."

மாலையில் மறுபடி வருவார். நோட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். இன்றைய தேதிக்கு எதிரே 'அடி தட்டியது' என்று இருக்கிறது. அவர் நம்பாவிட்டால் கயிற்றை அவர் கையில் கொடுத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவேன். இங்கேயும் நாலு எட்டுதான்.