மலைக்கு நல்ல தண்ணீர்

ஜனவரி 8, 2025 – புதன்

மீனவர் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் தணிக்கைக்கு வேண்டிய பதிவேடுகளை அடுக்கி முடித்துவிட்டு வீடு திரும்பினேன். கூரியரில் இரண்டு மலையேற்றப் பைகள் வந்திருந்தன. என் மனைவி செவ்வந்திக்கு நீலம், எனக்குச் சாம்பல்.

வார்களையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன். தோளில் இறங்கும் பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளும்படி ஒரு வார். தோள் வார்கள் விலகாதபடி நெஞ்சுக்குக் குறுக்கே இன்னொன்று. முகம் தெரியாத யாரோ ஒருவர் மனித முதுகை எவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறார்! பூட்டுவதும் கழற்றுவதுமாக நெடுநேரம் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஐம்பது வயதில் மலை ஏறப் போகிறேன். இதுவரை நான் ஏறியவற்றுள் உயரமானது எங்கள் ஊர் லைட்ஹவுஸ். அதற்குப் படிகள் உண்டு.

இது செவ்வந்தியின் ஆசை. சென்ற பிப்ரவரியில் அவளுக்குப் புற்றுநோய்க்காக இடது மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. டிசம்பர் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று சொன்ன மருத்துவர், "இனிமே என்ன பண்ணணும்னு ஆசைம்மா?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். "மேற்கால ஒரு மலை தெரியும் சார். அதுல ஏறணும்" என்றாள்.

மழை விட்ட மறுநாள் படகிலிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் நாகலாபுரம் மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கோட்டின்மேல் அவளுக்குக் கண் இருந்தது எனக்குத் தெரியாது.

ஜனவரி 11 – சனி

மலையேற்றக் குழுவை நடத்தும் பவித்ரா விதிகளை எழுத்து மூலம் அனுப்பியிருக்கிறார். விதிகளை எழுதித் தருகிறவர்கள்மீது எனக்கு எப்போதும் மரியாதை. இரண்டு பகல், ஓர் இரவு. ஒருவர் பை எட்டுக் கிலோவைத் தாண்டலாகாது. ஒருவர் பையை மற்றவர் சுமக்கலாகாது. வழியில் ஓடை நீர் உண்டு.

ஒரு மனிதன் வீட்டை விட்டு வெளியே தங்க எட்டுக் கிலோ போதும் என்பது எனக்குப் புதிய செய்தி. எங்கள் சமையலறைப் பரண் ஒன்றே எத்தனை கிலோ இருக்கும்!

ஆனால் மற்றவர் சுமக்கலாகாது என்ற விதி இடிக்கிறது. செவ்வந்தி பாரம் தூக்கக் கூடாது என்பது இந்த வீட்டின் விதி. தொலைபேசியில் விலக்குக் கேட்டேன். "டாக்டர் ஓகே சொல்லிட்டாரு இல்ல சார்? அப்ப அவங்க பை அவங்களுக்குத்தான்" என்றார் பவித்ரா.

ஜனவரி 14 – செவ்வாய்

பொங்கல். கரும்புக் கட்டை அவள் தூக்கப் போனாள், நான் வாங்கிக்கொண்டேன். அவள் வெறுங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரி 19 – ஞாயிறு

காலணிகளைப் பழக்க இருவரும் கடற்கரையில் நடந்தோம். மணலில் வெறுங்காலோடு வளர்ந்தவள். ஷூவைப் போட்டதும், "ரெண்டு காலையும் ரெண்டு பெட்டியில போட்டு மூடின மாதிரி கீதுங்க" என்றாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவள் கையசைத்தாள். நான் தலை குனிந்து நடந்தேன்.

ஜனவரி 25 – சனி

பைகளைக் கட்டினேன். அவள் பையில் போர்வைப் பை, மாற்றுடை, ரெயின்கோட். என் பையில் கூடாரம், மருந்துகள், உணவு, கயிறு, டார்ச், எட்டு லிட்டர் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி எனக்குள் வாதமே எழவில்லை. ஓடை இருப்பதாக எழுதியிருக்கிறார்கள், இருக்கட்டும். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பு ஏரி. குடிக்க மட்டும் லாரி வர வேண்டும். தண்ணீர் இருப்பது வேறு, நல்ல தண்ணீர் இருப்பது வேறு. படகில் முதலில் ஏறுவது நல்ல தண்ணீர் கேன்தான். சோற்றை மறந்தவன் தொழிலுக்குப் போவான்; கேனை மறந்தவன் படகைத் திருப்புவான்.

ஏலக்கூடத்தில் நண்டு நிறுக்கும் தராசில் பைகளை நிறுத்தேன். எனது பதினெட்டுக் கிலோ. அவளது இரண்டு. மலையடிவாரத்தில் யாரும் தராசு வைத்திருக்கப் போவதில்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. இந்தக் கையால் அதை எழுதவே கூசுகிறது.

செவ்வந்தியின் தம்பி கோதண்டம் அப்போதுதான் கரையேறி வந்தான்.

"இன்னா மாமா, மலைக்குப் போறியா, நாலு நாள் தங்கு கடலுக்குப் போறியா? ஐஸ் போட்டுக்கினியா?"

நீலப் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தான். "இதுல இன்னா கீது, காத்தா?"

"உன் அக்காவிடம் சொல்லாதே" என்றேன்.

"நான் ஏன் மாமா சொல்றேன்" என்றான்.

ஜனவரி 26 – ஞாயிறு

சொல்லிவிட்டான்.

சங்கத்தில் கொடியேற்றிவிட்டு வந்தபோது நீலப் பை வாசலில் கிடந்தது. கோபம் வந்தால் மட்டுமே செவ்வந்தி என்னை 'நீ' என்பாள்.

"டாக்டர் சொன்னது மூணு மாசம். நீ சொல்றது ஆயுசுக்குமா? குடம் தூக்காத, கரும்பு தூக்காத, கொடியில துணி போடாத. காத்தடைச்ச பையத் தூக்கினு மலைக்கு வர்றதுக்கு நான் வூட்லயே குந்திக்கினு இருக்கேன். நீ மட்டும் போய்ட்டு வா."

விதியின் நோக்கம் பாதுகாப்பு என்று விளக்கத் தொடங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன விளக்கம் அது? பயமா இருக்கு. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில நாளெல்லாம் உக்காந்திருந்தது நான்தானே — உள்ள இருந்து யார் வெளிய வந்தாலும் எழுந்து எழுந்து நின்னது? அவள் கையில ஒரு பாரம் ஏறினா என் வயித்துல ஏறுது. இத எந்த விதியில எழுத?

ஜனவரி 28 – செவ்வாய்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. அவள் வராவிட்டால் இந்தப் பயணத்திற்குப் பொருளே இல்லை.

காலையில் இரண்டு பைகளையும் கூடத்தின் நடுவே கொட்டினேன். "நீயே பிரித்துக் கட்டு. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்றேன்.

வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். முதலில் கூடாரத்தை இழுத்து நீலப் பைக்குள் வைத்தாள். பிறகு பாத்திரம், அரிசி, கோதண்டம் கொடுத்த நெத்திலிக் கருவாடு. எது அடியில், எது முதுகை ஒட்டி, எது மேலே என்று அவளது கைகள் முடிவு செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது கையும்தான். வலது கைக்கும் அதற்கும் ஒரு வேறுபாட்டையும் நான் காணவில்லை. அறுவைக்குப் பிறகு ஓராண்டாக இதே வீட்டில் இருக்கிறேன், இன்றுதான் பார்க்கிறேன்.

அவளது பை ஆறரைக் கிலோ. நான் சட்டை, துண்டு, கயிறு எல்லாவற்றையும் நீக்கினேன். தண்ணீரை மட்டும் நீக்க மனம் வரவில்லை. நான்கு லிட்டர் வைத்துக்கொண்டேன். சரியாக எட்டு.

"தண்ணியா?" என்றாள்.

"தண்ணீர்தான்."

சிரித்துவிட்டாள். "சரி, அது உங்க பாரம்." 'உங்க' என்றாள்.

பிப்ரவரி 1 – சனி, மாலை, மலைமேல்

கூடார வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடிவாரத்தில் பவித்ரா ஒவ்வொரு பையையும் கொக்கித் தராசில் மாட்டி நிறுத்தார். தராசு இருந்தது! என் பையைத் திறந்து பார்த்தவர், "என்ன சார், பாதிப் பை தண்ணியா? வழியெல்லாம் ஓடுமே" என்றார். விதிக்குள் இருப்பதை மரியாதையுடன் சுட்டிக்காட்டினேன்.

ஓடியது. அது உண்மை. புறப்பட்டது முதல் எங்கள் வலப்புறம் பாறைகளுக்கிடையே ஓடை பேசிக்கொண்டே வந்தது. அதன் அருகே, அதற்கு எதிர்த்திசையில், முதுகில் நான்கு லிட்டர் லாரித் தண்ணீரைச் சுமந்து நான் ஏறிக்கொண்டிருந்தேன்.

மலையை நான் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு முன்னே போன நீலப் பையின் இடது வாரையே பார்த்துக்கொண்டு நடந்தேன். முதலில் அவள், ஏரிச் சேற்றில் திருக்கை மீனை மிதித்துவிடாமல் நடப்பதுபோலப் பாதங்களை இழுத்து இழுத்து வைத்தாள், கல் தட்டியது. "காலைத் தூக்கி வைங்கக்கா, இங்க திருக்கை இல்ல" என்றார் பவித்ரா. அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

ஆளுயரப் பாறை ஒன்று குறுக்கிட்டது. அவள் ஏறிவிட்டாள். என்னால் முடியவில்லை, முதுகுப் பாரம் பின்னுக்கு இழுத்தது. அவள் மேலே மண்டியிட்டு, வலது கையால் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு, இடது கையை என்னிடம் நீட்டினாள்.

இடது கை.

"புடிங்க" என்றாள்.

"செவ்வந்தி, வேண்டாம் —"

"யோவ், புடியா!"

பிடித்தேன். என் உடலும் என் பையும் அந்தக் கையில் தொங்கின. அது இழுத்தது. மேலே வந்து விழுந்தபோது நான்தான் மூச்சிரைத்தேன். அவள் கையை உதறிக்கொண்டு, "இன்னா வெயிட்டுங்க நீங்க!" என்றாள்.

மதியம் ஒரு சுனையை அடைந்தோம். மேலிருந்து பாறை வழியே நீர் இறங்கி வந்து தேங்குகிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. செவ்வந்தி ஷூவைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றாள். குனிந்து இரு கைகளாலும் அள்ளிக் குடித்தாள். பவித்ரா தலையசைத்தார், அது குடிக்கும் இடம்தான். என் பையில் குளோரின் மாத்திரை இருந்தது, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஏங்க, நான் நிக்கற தண்ணியையே குடிக்கலாங்க!" என்று கத்தினாள். அந்தக் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

ஐம்பது ஆண்டுகள் நீரில் நின்றிருக்கிறேன். கால் வைத்து நின்ற நீரைக் குடித்ததில்லை. எங்கள் ஊரில் எவரும் குடித்ததில்லை. நான் இறங்கினேன், குனிந்தேன், குடித்தேன். பல் கூசியது. மறுபடியும் அள்ளினேன்.

"அதைக் கொட்டுங்க, தோளு இறங்கட்டும்" என்றாள். நல்ல தண்ணீரைக் கொட்டுவது எங்களிடம் பாவம். புட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சுனையில் சாய்த்தேன். நல்ல தண்ணீர் நல்ல தண்ணீரில் கலந்தது. கொட்டினதாகத் தெரியவே இல்லை.

பிப்ரவரி 2 – ஞாயிறு

இறங்கிவிட்டோம். ஒரு புட்டியை மட்டும் சுனையில் நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

பிப்ரவரி 5 – புதன்

கோதண்டம் வந்தான். மலைத் தண்ணீரை அவனுக்கு ஒரு டம்ளரில் கொடுத்தேன். வாயில் வைத்துச் சுழற்றி விழுங்கினான். "இன்னா மாமா, சப்புனு கீது?" என்றான். அவனுக்குப் புரியவில்லை. பரவாயில்லை, அடுத்த ஆண்டு அவனையும் அழைத்துப் போக வேண்டும்.

தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. பழக்கத்தில் நான் எழுந்தேன். அதற்குள் செவ்வந்தி குடத்துடன் படி இறங்கிவிட்டாள். நிறைகுடத்தை இடது இடுப்பில் வைத்துத் திரும்பி வந்தாள்.

நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.