லாரியில் வந்த தூண்

அன்புள்ள அம்மாவுக்கு, வளவன் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கொடைக்கானல் பட்டறையில் பழைய வீட்டு மரங்களில்தான் பெஞ்சு, நாற்காலி செய்கிறோம். செவ்வாயன்று திருவண்ணாமலையிலிருந்து லாரி வந்தது. இறக்கும்போது ஒரு தூணில் சின்ன வயதில் நான் ஆணியால் கீறிய என் பெயரைப் பார்த்தேன். நம் வீட்டுத் தூண்.

உடனே அண்ணனுக்கு போன் செய்தேன். "ஓடு மாத்துறோம்னுதானே சொன்ன?" என்றேன்.

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. அதான் இடிச்சி வித்துட்டேன்" என்று வைத்துவிட்டான்.

முதலாளி அந்தத் தூணை அறுத்து பெஞ்சுக்குக் கால் போடச் சொன்னார். போட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது, கவலைப்படாதே.

இங்கே குளிர் ஜாஸ்தி. ஒரு போர்வை அனுப்பு.

போனில் கேட்க மனம் வரவில்லை. ஞாயிறன்றுகூட "வீட்லதான்டா இருக்கேன்"னு சொன்னியே. எந்த வீட்டில் அம்மா?

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

வளவன்