நார்மல் என்று வந்த ரத்தம்

நேற்றுக் காலை திருவிடைமருதூர் பக்கம் ஒரு கொட்டகையில், எருமையின் மூத்திரம் டிகாஷன் நிறத்தில் கொட்டுவதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வேறு யாரையாவது இப்படி நினைத்தால் கோபித்துக்கொள்வார்கள். நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

எருமை செல்வியுடையது. புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் அவளும் மாமியாரும் இந்த எருமையும்தான். கன்று போட்டு மாதம்கூட ஆகவில்லை, நல்ல பால். கோடையில் பச்சைப் புல் கிடைக்காததால் வெறும் வைக்கோல்தான் தீனி.

"பாம்பு கீம்பு தீண்டிருச்சா டாக்டரம்மா? பொழைச்சுக்குமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உனக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் மாட்டு டாக்டராக இருந்தும் நான் அதே பயந்தாங்கொள்ளிதான். பாஸ்பரஸ் குறைந்திருக்கும் என்று மனசு சொன்னது. பாலோடு அது போய்க்கொண்டே இருக்கிறது, வைக்கோலில் திரும்பக் கிடைப்பதில்லை. ரத்தத்தில் அது இறங்கினால் சிவப்பணுக்கள் உடைந்து அந்தச் சிவப்பு மூத்திரத்தில் வரும். ஆனால் உண்ணிக் காய்ச்சலிலும் இப்படித்தான் சிவக்கும், அதற்கு மருந்தே வேறு. தப்பான மருந்தில் பொழுதைப் போக்கினால் மாடு போய்விடும். ரத்தம் எடுத்து, தஞ்சாவூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

மத்தியானம் லேபிலிருந்து போன். "உண்ணிக் காய்ச்சல் கிருமி எதுவும் தெரியல மேடம். பாஸ்பரஸும் நார்மல்தான்."

மாடு எதிரில் சாய்ந்து சாய்ந்து நிற்கிறது. நார்மலாம்!

நாகப்பட்டினம் பக்கம் நாம் சேர்ந்து வேலை பார்த்தபோதும் ஒரு எருமைக்கு இதே மாதிரி வந்தது. நார்மல் என்ற ரிசல்ட்டை வைத்துக்கொண்டு நான் முழித்தேன். நீ மிச்சமிருந்த ரத்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய். மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அது செக்கச்செவேல் என்றிருந்தது.

"ரத்தம் உடைஞ்சு கிடக்குடி. அணுவுக்குள்ள இருக்கற பாஸ்பரஸெல்லாம் வெளிய கொட்டிட்டா நார்மல்னுதான் காட்டும். எருமை அங்க நிக்குது, நீ ஏன் பேப்பரைப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

அதற்கப்புறம் நீ குழாயை யாரிடமும் கொடுத்தனுப்பியதில்லை. கர்ச்சீப்பில் சுற்றி மடியில் வைத்து நீயே பஸ்ஸில் கொண்டுபோவாய். குலுங்கினாலும் அணு உடையும் என்று பள்ளம் வரும்போதெல்லாம் கையை மேலே தூக்கிக்கொள்வாய். பக்கத்து சீட்டுக்காரர்கள் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

லேபுக்குத் திரும்பப் போன் போட்டேன். "மேல தெளிஞ்சு நிக்கிற சீரம் என்ன கலர்ல இருக்கு தம்பி?"

"நல்ல சிவப்பு மேடம்."

பாஸ்பரஸ் மருந்தை எடுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினேன். பாதியில் உண்ணிக் காய்ச்சலாக இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்து, இன்னொரு கையால் காது மடலில் உண்ணி இருக்கிறதா என்று தேடினேன். "நீங்களே பயப்படுறீங்களே டாக்டரம்மா!" என்று செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் இன்னொரு தடவை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று காலை போன் வந்தது. "மூத்திரம் வெளுத்திருச்சு டாக்டரம்மா. கழனித்தண்ணியை ஒரே மூச்சா உறிஞ்சிருச்சு!"

சிரித்தேன். அப்புறம் அப்படியே உட்கார்ந்து அழுதேன். உன் ரிப்போர்ட்டிலும் எல்லாம் நார்மல் என்றுதானே வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். பேப்பரைப் பார்த்து நானும் நிம்மதியானேன், நீயும் நிம்மதியானாய். அந்த நிம்மதியிலேயே செத்தும் போனாய். ஊர் மாட்டையெல்லாம் பார்த்தவளே, உன்னை நீ பார்த்துக்கொள்ளவில்லையே!

இப்போதெல்லாம் யார் நார்மல் என்று சொன்னாலும் எனக்குப் பகீரென்கிறது. உன் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். கொஞ்சம் சோர்வாகத் தெரிந்தாள். "டெஸ்ட்லாம் எடுத்தாச்சு ஆன்ட்டி, நார்மல்தான்" என்றாள். நான் விடவில்லை. ஜன்னலோரம் இழுத்துக்கொண்டுபோய் கண் இமையைக் கீழே இழுத்து, உள்ளே ரத்தச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஐயோ ஆன்ட்டி, நான் என்ன எருமையா?"

"ஆமாண்டி. வாயை மூடிக்கிட்டு வெளிச்சத்தைப் பாத்து நில்லு" என்றேன்.