ஜீப்பை ஏன் விற்கவில்லை என்றால்

லிந்துலை
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் துஷாந்துக்கு,

இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூன்று பேரும் ஆளுக்கொரு இருமலோடு சுகமாகத்தான் இருக்கிறோம். அந்த வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் மாரியம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவளுக்கே கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கும். ஜீப் என்னாயிற்று என்று நீ ஜனவரியில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், பிந்தியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டுக்குள் பேசினால் அப்பா காதில் விழும், வெளியே போய்ப் பேசினால் லயத்தில் உள்ள பத்து வீட்டுக்கும் விழும், குரல் பதிவு அனுப்பினால் நீ அதை வேலைத்தளத்தில் சத்தமாகப் போட்டுக் கேட்பாய். நிரோஷன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். அவன் பையில் உனக்குத் தேயிலைத் தூளும் மாசிச் சம்பலும் வைத்து, அதற்கு அடியில் இதையும் வைக்கிறேன். தனியாக இருக்கும்போது பிரித்துப் படி.

ஜீப் விற்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும் ஆள் நீ. கொழும்பிலிருந்து ஆள் வரவில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். நீ பேஸ்புக்கில் படம் போட்டுப் பிடித்துக் கொடுத்த அந்தச் சிங்கள மாத்தயா சொன்ன நாளிலேயே வந்தார். நானும் உன் கட்சிதான், அது உனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் உனக்கு அந்தப் படங்களை எடுத்து அனுப்பினவளே நான்தானே. பதினாலு வருசமாக ஞாயிறு வந்தால் அந்த வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுக்கிறார், எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்கச் சொல்கிறார், டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொடுத்த முதுகுப் பட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் படுக்கிறார். ஆறு நாள் தோட்டத்து லொறி, ஏழாவது நாள் சொந்த ஜீப். எனக்கு இன்னும் நாற்பத்தைந்துகூட ஆகவில்லை மகன், ஆனால் அந்த வண்டிக்குப் பயந்தே எனக்கு அறுபது வயதுக் களைப்பு வந்துவிட்டது. அதை விற்றுவிட்டு நீ சொல்வதுபோல் ஒரு புது வண்டி எடுத்தால் கதவாவது ஒழுங்காகச் சாத்துமே என்று நான் நினைத்ததில் என்ன தப்பு.

அப்பா முதலில் ஒன்றும் மறுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, சரி புள்ள, பெரியவன் சொல்றான்னா வித்துடுவோம், என்றார். அன்றைக்கே ஜீப்பைக் கழுவி, வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்துக்கு மேலே சரிவில் மூக்கைக் கீழே பார்க்க வைத்து நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். மூடினதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மாத்தயா நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. தார்ப்பாயை விலக்கியதும் கண் கலங்கினது மாதிரி நின்றார். பானட்டைக் கையால் தடவினார், ஸ்டேரிங்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார், நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் அதை வைக்கிற இடம் தெரியாமல் கையிலேயே ஆறவிட்டார். இப்போது வருகிற வண்டியெல்லாம் டிவி பெட்டிக்கு நாலு சில்லு வைத்து ஓடவிட்ட மாதிரி, இதுதான் வண்டி, என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். அவரிடம் இதேபோல் பதினொரு பழைய ஜீப் இருக்கிறதாம், அதற்கென்றே கொட்டகை கட்டி வைத்திருக்கிறாராம். எங்கள் வீட்டில் ஒரு பைத்தியம் என்றால் கொழும்பில் இன்னொன்று என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அவரிடம், மழையில ஓட்டுவீங்களா மாத்தயா, என்று ஒன்றே ஒன்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். ஐயோ, மழைத்துளிகூடப் படவிடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று, அவ்வளவுதான், பயப்படாதீங்க, என்றார். அப்பாவுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் ஒக்கொம ஒரிஜினல்த என்று கேட்டார், எல்லாம் ஒரிஜினல்தானா என்று. உன் அப்பாவுக்கு வந்ததே ஒரு பேச்சு, நான் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. ஒக்கொம மம ஹெதுவா மாத்தயா, எல்லாம் நானே செய்தது, என்று தொடங்கி, கார்பரேட்டர் ஒரு வேனுடையது, ஸ்டேரிங் பழைய டிரக்டருடையது, பின் சீட்டு தேயிலைப் பெட்டிப் பலகை, முன் லைட் இரண்டும் ஹட்டன் நஸார் நானா கடையில் தேடி எடுத்தது, கிலோமீட்டர் காட்டுகிற முள் வேறு வண்டியின் முள், அது பத்துக் கூட்டித்தான் காட்டும் என்று ஒன்று விடாமல் விரல் மடக்கிச் சொன்னார். கடையில் நாம் ஒரிஜினல் கேட்டால் டூப்ளிகேட் இல்லாத நல்ல சாமான் என்று அர்த்தம், இந்த மனிதர் கேட்பது வண்டியோடு பிறந்த சாமானை. அப்பா அது விளங்காமல், நான் எவ்வளவு நல்லாச் செய்து வைத்திருக்கிறேன் பார் என்று பெருமையில் சொல்லிக்கொண்டே போகிறார் என்று நினைத்தேன். நடுவில் புகுந்து விளக்கலாம் என்றால் அவர் மூச்சு விட்டால்தானே. மாத்தயாவின் முகம் ஒவ்வொரு விரலுக்கும் சுருங்கிப் போனது. போகும்போது என் கையில் அவருடைய நம்பரைக் கொடுத்து, பழைய ஒரிஜினல் சாமான்கள் எங்கேயாவது கிடந்தால் சொல்லுங்க மிஸ், இன்றைக்கே லொறி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், என்றார். அவற்றைப் பற்றி நான் கேட்டதற்கு அப்பா, அதெல்லாம் எந்தக் காலத்துல இரும்புக்காரன் கொண்டு போயிட்டான், என்று தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாத்தயா போனதும் நான் அப்பாவை நல்லாத் திட்டினேன். படிப்பறிவு இல்லாத ஆள்கூட இப்படிச் செய்யமாட்டான் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்து படுத்தார். வேறு ஆள் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு உம் கொட்டினார். முதுகு வலி, முதுகு வலி என்று மூன்று வாரம் படுக்கையும் லொறியுமாகத்தான் இருந்தார், ஜீப்பை அவர் தொடாத மூன்று வாரம் அது.

அப்புறம் தங்கச்சியின் கணக்குப் பரீட்சை நாள். நீ பாதி அறிவாய், நம் தோட்டத்து அழகன் உன்னைத்தானே விடிவதற்கு முன் போன் போட்டு எழுப்பினான். முதல் நாள் மழைக்கு மேட்டு வளைவில் மண் சரிந்து பஸ் ஏறி வரவில்லை, ஓ.எல். எழுதுகிற பிள்ளைகள் நம் தனுஷிகாவோடு சேர்த்து ஆறு பேர். அழகன் பாவம், கூப்பிடாமலே தன் புது டபுள் கெப்பை எடுத்து வந்து ஆறு பேரையும் ஏற்றினான், பரீட்சை மண்டபத்தில் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் என்ற முறையில் நானும் ஏறினேன். உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி, சத்தமே இல்லை, இதைத்தானே என் மகன் சொன்னான் என்று நினைத்துக்கொண்டே போனேன். சுடுகாட்டு வளைவில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, வண்டி இழுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. வீடியோவில் பார்த்துவிட்டு நீ, கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்காமல் தொடாதே, சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணாதே, என்றாய். நீ சொன்னது சரிதான், வண்டி திருத்துவது உன் தொழில், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவன் கண்டியிலிருந்து வர வேண்டும், மணி ஏழேகால், ஆறு பிள்ளைகளும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நீ போனை வைத்ததற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

கீழே அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தார்ப்பாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டரி செத்துக் கிடந்ததால் பிரேக்கை விட்டுச் சரிவில் உருட்டியே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். அந்த வண்டி இருமிக்கொண்டு வளைவில் ஏறி வந்த சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள், எனக்கு அழுகை வந்தது. டீச்சரம்மா பயப்படுறாங்க, மெதுவா ஏத்துங்கடா, என்று என்னைச் சீண்டினார். மண் சரிந்த இடத்தில் நாலு சில்லையும் இழுக்க வைக்கிற அந்தச் சிவப்புத் தடியை இழுத்துப் போட்டு, நடக்கிறவன் வேகத்தில் இறக்கினார். மழை விடவில்லை, கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யாது, உனக்குத் தெரியும், உள்ளே இருக்கிற பிடியைக் கையால் ஆட்ட வேண்டும். பிள்ளைகள் முறை வைத்து ஆட்டிக்கொண்டே வட்டத்தின் பரப்பளவு, கூம்பின் கனவளவு என்று ஒப்புவித்தார்கள். பாதி வழியில் பெற்றோல் வாசம் வந்தது. அப்பா நிறுத்தி, கீழே குனிந்து பார்த்து, தாங்கியில் ஒழுகுகிற இடத்தில் சவுக்காரத் துண்டைத் தேய்த்து அடைத்துவிட்டு ஐந்து நிமிசத்தில் ஏறினார். இது வாயுள்ள சீவன் புள்ள, எங்க நோவுதுன்னு அதுவே சொல்லிரும், அழகன் வண்டி வெளக்க மட்டும் போட்டுட்டுக் கம்முனு இருந்துச்சு பாத்தியா, என்றார். பரீட்சை தொடங்கிப் பதினைந்து நிமிசத்தில் போய்ச் சேர்ந்தோம், உள்ளே விட்டார்கள். தங்கச்சி நன்றாக எழுதியிருக்கிறாளாம், ஆனால் அவள் எல்லாப் பரீட்சைக்கும் அப்படித்தான் சொல்வாள்.

இதைப் படித்துவிட்டு அம்மாவும் மாறிவிட்டாள், ஜீப்புக்குப் பூமாலை போடுகிறாள் என்று நினைக்காதே. திரும்பி வரும்போது பிரேக் மிதி தரை வரைக்கும் போய்விட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன், அவர், நாலாவது மிதிக்குப் புடிக்கும், கத்தாத ஜீவா, என்கிறார். நாலாவது மிதிக்குப் பிடித்தது. அந்த மூன்று மிதிக்குள் நான் உன்னை நினைத்தேன், தங்கச்சியை நினைத்தேன், வண்டியைச் செய்தவனையும் ஓட்டுகிறவனையும் சபித்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே, அன்றைக்கே மாத்தயாவுக்குப் போன் பண்ணி, குறைந்த விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

மழையில் கூரைத் தகரம் ஒழுகி எங்கள் கட்டில் பக்கமாகத் தண்ணீர் ஓடியிருந்தது. துடைப்பதற்காகக் கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய தேயிலைப் பெட்டியை இழுத்தேன். அப்பாவின் வேலைச் சாமான் என்று நான் அதைத் திறந்ததே இல்லை. அடி நனைந்திருக்குமே என்று அன்றைக்குத் திறந்தேன். கிரீஸ் பூசி, பழைய கலண்டர்த் தாளில் சுற்றி, ஒவ்வொன்றிலும் அப்பாவின் கோணல் எழுத்து. முன் லைட் வலது, முன் லைட் இடது. கார்பரேட்டர். முள், ஓடாது. ஸ்டேரிங் சில்லு துணியில் சுற்றி மேலேயே இருந்தது. இரும்புக்காரன் ஒன்றையும் கொண்டு போகவில்லை. மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட்டால், வண்டி வாங்கிய இரண்டாவது வருசத் தேதியைப் போட்டு, பெரிதாக ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது: ஒரிஜினல்.

அந்த மாத்தயா என்ன கேட்டார் என்று அப்பாவுக்கு அன்றைக்கே நன்றாக விளங்கியிருக்கிறது மகன். மழையில் ஓட்டமாட்டேன் என்று அவர் சொன்னதும் இவர் விரல் மடக்கத் தொடங்கியிருக்கிறார். விளங்காமல் போனது எனக்குத்தான், இரண்டு மொழியும் தெரியும் என்று பக்கத்தில் நின்றவளுக்கு.

நான் பெட்டியை மூடி எழுந்திருக்கும்போது அப்பா கதவில் நின்றார். என்னா தேடுற, என்றார். துணி, என்றேன். அதுல துணி இல்லையே, என்றார். இல்லைதான், என்றேன். பிறகு இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கி நனையாத மூலையில் வைத்தோம். நானே அதன்மேல் என் பழைய சேலை ஒன்றை மடித்துப் போட்டேன். மாத்தயாவின் நம்பர் இன்னும் என் கைப்பைக்குள் இருக்கிறது, ஒரு போன் போதும், லொறி வந்துவிடும். நான் எடுக்கவில்லை. மூன்று வாரம் படுத்துக் கிடந்தவர் அன்று சாயங்காலமே பட்டியைக் கட்டிக்கொண்டு தாங்கியைக் கழற்றப் போய்விட்டார், எழுந்திருக்கும்போது கையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார், நானும் போனேன். அவ்வளவுதான். நீயும் வேறு ஆள் பார்க்காதே, பேஸ்புக்கில் போட்ட படத்தை எடுத்துவிடு. புது வண்டி ஆசை உனக்கு இருந்தால் நீ வந்து எடுத்துக்கொள், ஒழுங்காகச் சாத்துகிற கதவோடு பார்த்து எடு, நான் அதில்தான் ஏறுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டு வெயிலில் இறங்காதே, கொட்டகலைச் சித்திக்கு ஒரு தடவையாவது போன் பண்ணு, அவள் என்னிடம் குறைப்படுகிறாள். அம்மனும் முனியப்பனும் உன் கூடவே இருந்து, போன கால் நோகாமல் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பெட்டி விசயத்தை மட்டும் அப்பாவிடம் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே.

ஒன்று மறக்காதே. அந்தப் பிரேக்குக்குப் போடுகிற ரப்பர் நாலு சில்லுக்கும் அங்கே கிடைத்தால் அடுத்து ஊருக்கு வருகிற நிரோஷனின் மச்சானிடம் உடனே கொடுத்து அனுப்பு, அது வரும்வரை ஜீப் நகரக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்து, அப்பா தாங்கியைக் கழுவிக்கொண்டே வெளியிலிருந்து ஒரு சொல் சேர்க்கச் சொல்கிறார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்: கண்டதையும் வாங்கிறாதேன்னு எழுது ஜீவா, ஒரிஜினலாப் பாத்து வாங்கச் சொல்லு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
ந. ஜீவராணி