பெல்ட் போன ஆல்பம்

ஞாயிறு, இரவு.

கிடாரில் அலையடிக்க வைத்த அந்த சர்ஃப் ராக் குழு, பின்னாளில் ஒரு சோதனை முயற்சியாக மந்தமான ஆல்பம் ஒன்று போட்டது. பெரம்பலூர் கல்லூரி விடுதியில் அதை ரசித்தவன் நான் ஒருவன்தான். அறைத்தோழன் லப்பைக்குடிக்காட்டு சாதிக், டேப் ரெக்கார்டரில் பெல்ட் தேய்ந்துதான் பாட்டு இழுக்கிறது என்று புது பெல்ட் மாட்டினான். பாட்டு அப்படியேதான் ஓடியது.

"பெல்ட் போனது உன் காதுக்குத்தான் மாப்ள" என்று விடுதி முழுக்கச் சொல்லிச் சிரித்தான். நான் அதை மறக்கவில்லை.

இன்று துபாயிலிருந்து பேசினான். ரசிகர்கள் இப்போது இணையத்தில் அந்த ஆல்பத்தைத்தான் கொண்டாடுகிறார்களாம். ஊர் சொன்னால்தான் இவனுக்குக் காது திறக்கும்.

"கேட்டுப் பாத்தேன் மாப்ள. நீ அன்னைக்கே சரியாத்தான் சொல்லியிருக்க."

"லைன் சரியில்ல. இன்னொருக்கா சொல்லு."

சொன்னான். தெளிவாகவே கேட்டது; மறுபடியும் கேட்கவில்லை என்றேன்.

"போன்லயும் பெல்ட் போயிடுச்சாடா?" என்றான்.

இத்தனை வருடம் கழித்து, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.