பெட்டிக்குள் இருந்த சாமி

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம்.

அவன் அருளால் இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை புட்டியை அழகு பார்க்கிறீர்களா?

இந்த விடுதிச் சமையல் வேலையையும் என் விசாவையும் நீட்டிப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை. எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்று, வந்த நாள் முதல் நான் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. சாமி படமும் அதற்குள்தான். மூடியைத் திறந்து கும்பிட்டுவிட்டு மூடிவிடுவேன். நேற்று அதைப் பார்த்துவிட்டாள், என் அறையில் தங்கியிருக்கும் தையல்காரி.

“ஏங்க்கா, சாமிக்கும் விசா முடியப்போகுதா? பாவம், அவருக்கு மூச்சு முட்டாது?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போகச் சொன்னால் போகிறேன்; அதுவரை இங்கே இருந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. சுத்தியல் இரவல் வாங்கிச் சுவரில் ஆணி அடித்துச் சாமி படத்தை மாட்டினேன். துணிகளை அலமாரியில் அடுக்கினேன். ஊர் திரும்பும் நாளுக்கென்று பொத்தி வைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் இன்று வெங்காயம் அரிந்தேன்!

உலை கொதித்துவிட்டது, ஓடுகிறேன். உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள், சிரித்த முகமாக. ஆணி இரண்டு அடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி